நேற்றுக்கும் முந்தைய மஞ்சள் குடை

"பிஃபோர் ஐ மேரீட் யூ, ஐ ஹேட் ஸீன்..."

அதோடு நின்றுவிட்டார் லென்ஸ்காரர். முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு.

கண்ணாடிக் கடை மாடியில் லென்ஸ் தேய்ப்பவர் அவர். நாளைக்கு முதலாளி முன்னால் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தப்பில்லாமல் பேசிவிட்டால், கீழே கவுண்டரில் உட்காரலாம். மனைவிதான் புத்தகத்தை வைத்துப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் மாமனார், முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். வெளியே மழை.

மற்ற பாடமெல்லாம் அவருக்கு வேப்பங்காய். பாஸ்ட் பெர்ஃபெக்ட் மட்டும் பிடித்துவிட்டது. நடந்து முடிந்ததற்கும் முன்னாலேயே நடந்து முடிந்தது. நேற்றுக்குப் பின்னால் இன்னொரு நேற்று. உள்ளே போனால் மனுஷன் லேசில் திரும்புவதில்லை.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி? அப்புறம்?" என்றாள் மனைவி.

"சும்மா ஒரு உதாரணம்மா."

"உதாரணத்துக்கு எதுக்கு இந்தச் சிரிப்பு?"

உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார், பாவம்.

"ஒரு மஞ்சள் குடை. கடைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்ல தினமும் வந்து நிக்கும். மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல. அப்போ நான் கண்ணாடி போடல. மழையில எல்லாம் கரைஞ்சு தெரியும், அந்த மஞ்சள் மட்டும் மிதந்துட்டிருக்கும்."

"மூஞ்சி தெரியாமலே இவ்வளவா! கண்ணாடி போட்டுட்டு என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?"

அவளுக்குக் குரல் உடைந்தது. அவர் அவசரமாகச் சமாதானத்தில் இறங்கினார்.

"பேசினதே இல்லம்மா. மாடியிலேர்ந்து கையை மட்டும் தூக்குவேன். மேல தூக்கக் கூச்சமா இருக்கும், நெத்தியோட நிறுத்திடுவேன்."

"அதுக்கு அந்த மகராசி?"

இந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். மனுஷன் மறுபடி மழைக்குள் போய்விட்டார்.

"குடை லேசா குனியும்."

"குனியுமா!" புத்தகம் மூலைக்குப் பறந்தது. அலமாரியிலிருந்து பை வந்தது, பைக்குள் நாலு புடவை போனது. "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நாளைக்கு உங்க முதலாளிகிட்ட இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க. அப்பா, எழுந்திரிங்க!"

வழியை மறித்து நின்றார் லென்ஸ்காரர். கவுண்டராவது நாற்காலியாவது, இவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. "மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

பேப்பர் மெல்ல இறங்கியது. மாமனார் மகளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைத்தான், யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல், வெகுநேரம் பார்த்தார்.

"மஞ்சள் குடை எங்க ஆபீஸ்ல குடுத்தது மாப்ளே. முன்னப்பின்ன தெரியாத எனக்குத் தினமும் நெத்தியில கை வெச்சு இவ்வளவு மரியாதை பண்ற பையன் யாருன்னு விசாரிச்சுத்தான், நான் பொண்ணையே குடுத்தேன்."