பட்டாளத்துக்கு மாமாவை அனுப்பும் விஷயம்

மேல்மலைத் தோட்டம், கீழ் டிவிசன்,
ஹட்டன்.
1963, ஆவணி மாதம்.

இந்தியாவில் உயிர் காக்கும் கலை பயின்று, ஊருக்கெல்லாம் ஊசி போடப்போகிற அண்ணன் சுந்தரலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, பத்தாம் வகுப்பை இன்னும் தாண்டாத தங்கை சிவகாமசுந்தரி இரு கரம் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, மாமா, சினைப்பசு, அடியேன் ஆகிய எல்லோரும் சுகம். நிம்மதியாக இருப்பது பசு மட்டும். அங்கே தாங்களும் தங்கள் தடித்தடிப் புத்தகங்களும் சுகமென்று நம்புகிறேன். தாங்கள் மேசையில் கிடத்தி அறுத்துப் பார்க்கும் ஆட்களின் சுகத்தை விசாரிப்பது முறையல்ல என்பதால் விட்டுவிடுகிறேன். கைவசம் இருந்த மரியாதை இத்தோடு தீர்ந்தது. இனிமேல் ‘நீங்க’தான்.

நீங்க அனுப்பிய பட்டாளத்துப் பத்திரம் போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அப்பா மலையிலிருந்து இறங்கி, கங்காணிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, “படிடி” என்றார். இங்கிலீசில் இருந்ததை நான் தமிழாக்கினேன்: மிச்சப் படிப்புக்கும், அது முடிந்து ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் தங்கி வேலை பழகுவதற்கும் இந்தியப் பட்டாளமே உதவிப் பணம் கொடுக்கும், அதற்கு ஈடாக ஐந்து வருஷம் பட்டாளத்து டாக்டராக இருக்கவேண்டும், சம்மதமென்று தகப்பனார் கையெழுத்துப் போடவேண்டும், போடாவிட்டால் உதவி இல்லை, உதவி இல்லாவிட்டால் படிப்பு பாதியில் நிற்கும். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “சீனாக்காரன் சண்டைதான் போன வருசமே முடிஞ்சிருச்சே, முடிஞ்ச சண்டைக்கு எதுக்குடி எம் புள்ள?” என்றாள். அப்பா கையெழுத்தை விட்டுவிட்டுத் தலையெழுத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். வாயிலிருந்த சுருட்டு அணைந்தது. திடீரென்று, காணாமல் போன எருமையைக் கண்டவர் மாதிரி முகம் மலர்ந்து, “அட, இதுக்கா இம்புட்டு யோசிச்சோம்? பதிலாளு அனுப்பிருவோம்!” என்றார்.

நம் தோட்டத்து வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு ஆளுக்குக் காய்ச்சல் என்றால், அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆள் காலையில் பெரட்டுக்களத்துக்கு வந்து வரிசையில் நிற்பார். கங்காணி பேர் கூப்பிட்டதும் “இருக்கேன்” என்பார். அன்றைய வேலை வீட்டுக் கணக்கில் விழுந்துவிடும். துரைக்குக் கொழுந்து வந்தால் சரி. கொழுந்தன் பறித்தானா, கொழுந்தியாள் பறித்தாளா என்று எந்தத் துரை பார்த்தார்? அந்த முறையைத்தான் அப்பா இந்தியப் பட்டாளத்தின்மேல் அப்படியே தூக்கி வைத்துவிட்டார்.

“அஞ்சு வருசத்துக்கு நம்ம வீட்டு ஆளு ஒண்ணு அங்க நிக்கணும். அம்புட்டுதானே? பய படிச்சு முடிச்சு இங்க வந்து சேரட்டும்.”

“எந்த ஆளுப்பா?” என்றேன் நான்.

அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே பக்கம் திரும்பினோம். அங்கே ஆண்டியப்பன் மாமா இன்னொரு ரொட்டியைச் சம்பலில் தோய்த்து வாய் வரை கொண்டுபோயிருந்தார். ரொட்டி வாசலிலேயே நின்றுவிட்டது.

“மச்சான், எனக்கு வயித்து வலி.”

“பட்டாளத்துல இன்னும் பேரே கூப்பிடலடா, அதுக்குள்ள என்ன வயித்து வலி?”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் சிவகாமி இல்லையே. “அப்பா, அண்ணன் போறது டாக்டரா. இவரு போனா ஊசி யாரு போடுறது?” என்று கேட்டேன். “பட்டாளத்துல இருக்கவன் எல்லாம் தேக்கு மரமாட்டம் இருப்பான். அவனுக்கு என்னடி சீக்கு வரப்போவுது? இவன் அங்க சும்மா நின்னா போதும்” என்றார். சும்மா நிற்பதில் நம் மாமாவை மிஞ்ச இந்தியாவிலும் ஆள் இல்லை, இலங்கையிலும் ஆள் இல்லை என்பதால், அதை நானும் ஒப்புக்கொண்டேன்.

சேதி மறுநாளே லயத்து வீடுகளில் வரிசை வரிசையாகப் பரவியது. முதல் நாள் மாமா அழுதார். இரண்டாம் நாள் ஒரு வீட்டில் முட்டை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இன்னொரு வீட்டில் கோழியே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மாமாவின் நடையே மாறிவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே மனிதர் தலை மன்னராகிவிட்டார். காவல்கார வீரய்யா தானாக வந்து பயிற்சி கொடுக்கிறேன் என்றார். வீரய்யா யார் என்றால், பெரிய சண்டை நடந்தபோது திருகோணமலையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தவர், ஆகவே படை நடத்தும் முறை முழுக்கத் தெரிந்தவர். சாயங்காலம் வேலை முடிந்ததும் பெரட்டுக்களத்தில் மாமா தோளில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு நிற்பார். வீரய்யா “சோத்தாங்கைப் பக்கம் திரும்பு!” என்பார். மாமா திரும்புவார். எந்தக் கைப் பக்கம் திரும்பச் சொன்னாலும் கடைசியில் தேத்தண்ணிக் கடையைப் பார்த்துத்தான் நிற்பார்.

வைத்தியப் பயிற்சியை நான் எடுத்துக்கொண்டேன். மருத்துவக் குடும்பத்தில் பிறந்த பெண் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? சாக்குத் தைக்கும் ஊசி ஒன்று, நோயாளியாக ஒரு பூசணிக்காய். மாமா பூசணிக்காயிடம் “நாக்க நீட்டு” என்று அதட்டினார். அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம்தான் நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “மாமா, பட்டாளத்துல டாக்டரு மொதல்ல தனக்குத்தானே ஊசி போட்டுக் காட்டணுமாம், அப்பத்தான் மத்தவங்க நம்புவாங்களாம்” என்று எடுத்துவிட்டேன். மாமா இந்தப் பாடத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டே கீழே பார்த்தார். மழை ஈரத்தில் எப்போதோ ஏறிய அட்டை வயிறு நிறைந்து உதிர்ந்திருக்க, குதிகாலில் இரத்தம் ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது. “ஐயோ, குண்டு பட்டிருச்சு மாமா!” என்றேன். அவ்வளவுதான். பூசணிக்காய் பிழைத்தது, டாக்டர் சாய்ந்துவிட்டார். நானும் வீரய்யாவும் காலையும் கையையும் பிடித்துத் தூக்கி வந்ததைப் பார்த்து அப்பா, “பழகிரும், பழகிரும்” என்றார்.

ஆனால் அண்ணே, இத்தனை கூத்திலும் அந்தப் பத்திரம் கையெழுத்தில்லாமல்தான் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. நீங்க எழுதிய கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சோறு உண்டதும் நானே எடுத்து அப்பா முன்னால் வைத்தேன்.

“அப்பா, வெளையாட்டு போதும். போடுங்கப்பா.”

“முடியாதுடி.”

“அண்ணன் படிப்பு நின்னு போயிரும்ப்பா.”

அப்பா பத்திரத்தைப் பார்க்கவில்லை. வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “முப்பது வருசமா காலையில பேர் கூப்பிடுறவன் நான். கூப்பிட்டு சத்தம் வரலைன்னா, காய்ச்சலா இருக்கும், கலியாண வீடா இருக்கும், ராத்திரி ஒரு கிளாசு கூடிப்போயிருக்கும்னு அடுத்த பேருக்குப் போயிருவேன். அங்க எவனோ ஒருத்தன் ‘சுந்தரலிங்கம்’னு கூப்பிடுவான். சத்தம் வரலைன்னா, அவனும் அடுத்த பேருக்குப் போயிருவான்லடி?”

பத்திரத்தைத் திரும்பச் சாமி படத்துக்குப் பின்னாலேயே வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. நம்புங்க, எனக்குத்தான்.

அம்மா கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “அங்க கூப்பிட்டும் எந்திரிக்க முடியாம கெடக்குறவன எந்திரிக்க வெக்கத்தானேங்க இவன் படிக்கிறான். அப்பிடிக் கெடக்குறவனுக்கும் எங்கயாச்சும் ஒரு அப்பன் இருப்பான்ல” என்றாள்.

கூடைக்கயிற்றில் முடிச்சுப் போட்டு இறுக்கினாள். பிறகு அப்பா, “பேனாவக் கொண்டாடி” என்றார். “ஆனா ஒண்ணு. ஆண்டியப்பன் போறான். அதுல மாத்தமில்ல.” அம்மாவும், “ஆமா, தம்பி போகட்டும்” என்று தலையை ஆட்டினாள். அப்பா வீரபத்திரன் என்று எழுதி முடிக்க ஒரு சுருட்டு முழுசாகப் புகைந்தது. எழுத்துக் கொஞ்சம் நடுங்கியிருக்கும். பட்டாளத்தார் கேட்டால் எங்கள் ஊர்க் குளிர் அப்படி என்று சொல்லிவிடுங்க. பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். பதிலாள் எடுப்பார்களா என்று தோட்டத்து மருந்துக்கடை ஐயாவிடம் ரகசியமாகக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் மருந்துப் போத்தல் ஒன்று கவிழ்ந்தது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது? மாமா போவார், மகன் வருவான் என்ற நம்பிக்கையில்தான் அப்பாவும் அம்மாவும் இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறார்கள். அதைக் கலைக்கிற தைரியம் எனக்கு இல்லை. வரப்போகிற டாக்டர் நீங்கதானே, கசப்பு மருந்தை நீங்களே கொடுங்க. தித்திப்பாக நாலு வரி எழுதி, நடுவில் எங்கேயாவது இதையும் மறைத்து வைத்து அனுப்புங்க.

அப்பாவின் ஆசீர்வாதம் உங்கள் தலைக்கு, அம்மாவின் முத்தம் உங்கள் கன்னத்துக்கு, மாமாவின் சல்யூட்டு உங்கள் பட்டாளத்துக்கு, வீரய்யாவின் விசாரிப்பு அங்கே உருளைக்கிழங்கு உரிப்பவர்களுக்கு. தோட்டத்து மாரியம்மன் எல்லைக்கு அப்பாலும் பார்வை வைத்து உங்களைக் காப்பாளாக.

இப்படிக்கு,
அடக்கமே உருவான தங்கை,
வீ. சிவகாமசுந்தரி.

பி.கு.: மேலே எழுதிய தலைவலிப் பகுதி ரத்து. உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை தேடும்போது மனசு கேட்காமல் அப்பாவிடம், “பட்டாளத்துல பதிலாள் எடுக்க மாட்டாங்கப்பா” என்று சொல்லிவிட்டேன். அப்பா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியாதாடி? ஒங்கம்மா ராத்திரி தூங்கணும்ல, அதுக்காகச் சொன்னது. அவகிட்ட ஒளறிறாத” என்றார். அடுப்படிக்குப் போனால் அம்மா ஊதுகுழலை வைத்துவிட்டு, “அதெல்லாம் நடக்குற காரியமாடி? ஒங்கப்பா கையெழுத்துப் போடணும்ல, அதுக்காகத் தலையாட்டுனேன். அவருகிட்ட ஒளறிறாத” என்றாள். ஆக, முழுசாக நம்பியது மாமா ஒருத்தர்தான். தகரப் பெட்டி கட்டி, எல்லா லயத்திலும் விடைபெற்று, வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. விஷயத்தைச் சொன்னேன். பெட்டிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியவர், பாதியில் மறுபடி இறுக்கிக் கட்டினார். “சரி, பட்டாளம் வேணாம்னா அது பட்டாளத்துக்கு நட்டம். ஆனா பய பட்டாளத்துச் சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு ரெயில் ஏறுற அன்னைக்கி, கையாட்ட நம்ம சொந்தத்துல ஒரு ஆளு வேணாமாடி? நான் போறேன்” என்றார். “மாமா, அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருசம் கெடக்கு” என்றேன்.

“கெடக்கட்டும்டி. மின்னாடியே போயி நின்னாத்தான் எடம் கெடைக்கும்.”