9999 என்று அச்சிட்ட கேசட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. நலமாக இருக்கப் போய்த்தானே, ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்து வந்து என் வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிப் போவதாக என் வீட்டுக்காரரிடம், அதுதான் உன் அருமை மாமாவிடம், வாக்குக் கொடுத்திருக்கிறாய். வராதே.

என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நீ வாங்கிக் கொடுத்த பெட்டிதான் அது. நான் ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. கேசட்டின் மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சிட்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசும் எடைக்கல்லும் சோதித்த ஆய்வாளர் நான்; கால் கிலோவில் பத்து கிராம் குறைந்தாலும் விட்டவள் இல்லை. என் வீட்டுப் பரணிலேயே இப்படி ஒரு பொய் உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவேனா? நோட்டுப் போட்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து எழுதி வருகிறேன்.

முதல் நாள் ஒயர் புது டிவியில் சேரவில்லை, ரிப்பேர்காரர் வந்து "இதை இன்னுமா வச்சிருக்கீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார், பழைய டிவியையும் பரணிலிருந்து இறக்கினோம், இறக்கியதில் உன் மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, கேசட்டைக் கழற்றி ஊதினால்தான் படம் வந்தது, படம் வந்தால் சத்தமும் வந்தது, சத்தம் கேட்டு மாடி வீட்டு நர்ஸ் இறங்கி வந்தாள், திரையில் அந்தக் குட்டி ஆள் குதிக்கும்போதெல்லாம் என் கையும் சேர்ந்து குதிக்கிறது, அதில் உன் மாமாவின் மூக்குக்கண்ணாடி பறந்து வாளித் தண்ணீரில் விழுந்தது. உடனே அவர் உனக்குப் போன் போட்டார்: "உங்க அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டா, இரு, இன்னும் ரெண்டு உயிர் மிச்சமிருக்குங்கறா. எனக்குப் பயமா இருக்கு மாப்ளே."

பயப்படட்டும். இதுவரை 1,340 எண்கள் பார்த்தாயிற்று. உண்மையான விளையாட்டு பதினொன்றுதான். பன்னிரண்டாவது முதலாவதேதான், ஆளுக்குச் சட்டை மட்டும் பச்சை. நூற்று மூன்றில் அதே ஆள் பாதி வழியிலிருந்து கிளம்புகிறான். "மீதியும் அப்படித்தானே இருக்கும், விட்டுத் தொலையேன்" என்கிறார் உன் மாமா. ஒரு கல்லை நிறுத்துப் பார்த்துவிட்டு ஊரில் உள்ள கல்லுக்கெல்லாம் முத்திரை குத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

உள்ளதைச் சொல்கிறேன் தம்பி. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னைக் கண்டு யாருக்கும் பயம் இல்லை. கடைக்குப் போனால் "உட்காருங்கம்மா" என்கிறார்கள். தராசை ஒருவரும் சரிபார்ப்பதில்லை. அது எனக்கு வலிக்கிறது. இந்த நோட்டு ஒன்றுதான் இப்போது எனக்கு வேலை. 9999 முடியும்வரை பெட்டியைத் தரமாட்டேன். நீ நாலு ஆளோடு வந்தாலும் சரி.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கான ஆசியை, உன் நடத்தையைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், உன் மாமா டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் நாலாம் கட்டத்தையே தாண்டாத டாங்கி விளையாட்டில் அவர் இருபத்தேழாம் கட்டத்தில் இருக்கிறார். பெட்டி உன் வீட்டுக்கு வந்துவிட்டால், தினமும் அங்கே வந்து தொந்தரவில்லாமல் ஆடலாம் என்பதுதான் திட்டமாம். "நீ சோதிக்கிறேன்னு எல்லாத்தையும் பாதியிலயே நிறுத்திடறே, ஒண்ணையாவது முழுசா ஆட விடறியா" என்று என்னிடமே குறைப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. வண்டியும் கொண்டு வா. பெட்டி இங்கேயே இருக்கட்டும். இவரைக் கொண்டு போ.