ஒரு காலுக்காகப் போட்ட பெட்டிசம்

காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். விதானையாரின் கந்தோர்ச் சுவரில் நான் முதலில் கண்டது பட்டியலை அல்ல. நாற்பத்தேழாம் இலக்கத்தில் ஒரு கால் குறைந்திருந்ததைத்தான்.

(கிராம அலுவலரை எங்கள் பக்கம் இன்னும் விதானையார் என்றும் அவருடைய அலுவலகத்தைக் கந்தோர் என்றும்தான் சொல்கிறோம். கால் என்பது எழுத்தில் வரும் துணைக்கால். பள்ளிக்கூடத்தில் அதை அரவு என்று படித்தேன். பத்திரிகையில் கால் என்று பழகினேன்.)

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் மாதாந்த உதவி கொடுப்பதற்காகத் தெரிவானவர்களின் பட்டியல் அது. ஒருவர் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்தார். ஒரு பெண் மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடிவிட்டு, மூன்றாம் தடவை கீழிருந்து மேலாகத் தேடிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழாம் இலக்கம் என் மாமி, அப்பாவின் அக்கா. பெயர் பிலோமினா. சுவரில் இருந்தது பிலேமினா.

மாமிக்கு உதவி கிடைத்துவிட்டது என்று வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள். நான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஆறு வருடம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தினேன். காகித விலை ஏறியபோது பத்திரிகை முதலில் பக்கங்களைக் குறைத்தது. பிறகு என்னைக் குறைத்தது. தீவில் ஓலைத்தொடுவாய்க்குக் கிட்ட இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது என்னிடம் இருந்த ஒரே சொத்து, பிறருடைய பிழையைத் தூரத்திலிருந்தே காணும் கண். அதனால் ஊரில் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை என்றார் அப்பா. சேதம் வரும் என்பதை அவரும் அப்போது யோசிக்கவில்லை.

மாமிக்கு எழுபத்தொரு வயது. மாமா கடலோடு போன பிறகு மீன் வெட்டிக் கருவாடு போட்டுச் சீவித்தவர். முழங்காலை மடக்க முடியாமல் போனதும் அந்த வேலையும் நின்றது. அந்த வருடம் அரிசி ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது, இரத்த அழுத்தத்துக்கு மாமி போடும் பிறசர் குளிசையும் ஏறியது. மாமி வெங்காயம் வெட்டும் கத்தியால் ஒவ்வொரு குளிசையையும் இரண்டாக வெட்டினார். ஒரு பாதி இன்றைக்கு, மறுபாதி நாளைக்கு. பலகையில் சிதறிய தூளை விரல் நுனியால் ஒற்றி நாக்கில் வைப்பார். உதவிக் காசு வந்தால் முதல் வேலையாக முழுக் குளிசை போடுவேன் என்று சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன்.

"மாமி, உங்கட பேர் பிழையா வந்திருக்கு."

"வந்திருக்கோ?"

"பிழையா வந்திருக்கு."

"வந்திருக்குத்தானே." மாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"ஒரு கால் இல்லை மாமி. 'லோ' எண்டு வரவேணும், 'லே' எண்டு கிடக்கு."

"ரெண்டு கால் இருந்து நான் என்னத்தைக் கண்டனான்? எழுத்துக்கு ஒண்டு குறைஞ்சால் குறையட்டும். விடு தம்பி."

நான் விடவில்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்றால் வங்கியில் காசு தரமாட்டார்கள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். (இது உண்மைதான். என் வாழ்க்கையின் பெரிய தவறுகள் எல்லாம் உண்மையில்தான் தொடங்கியிருக்கின்றன.)

அடுத்த நாள் கந்தோரில் இரண்டு விதமான படிவங்கள் இருந்தன. ஒன்று, பட்டியலில் பெயர் வராதவர்களின் மேன்முறையீட்டுக்கு. மற்றதன் தலைப்பு: 'பட்டியலிலுள்ள பெயர் ஒன்று தொடர்பான ஆட்சேபனை.' தகுதியில்லாத ஒருவர் பட்டியலில் இருந்தால் அவரை நீக்கச் சொல்லிப் போடும் படிவம் அது. ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். எனக்குத் தமிழ் தெரிந்திருந்தபடியால் தெரியவில்லை. பெயர் பட்டியலில் இருக்கிறது, அந்தப் பெயர் தொடர்பாக எனக்கு ஆட்சேபனை இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

காரணம் எழுத இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். ஒரு செய்தியை முக்கியமான தகவலோடு தொடங்கவேண்டும் என்பது நான் பழகிய முறை. எழுதினேன்: 'மேற்படி பெயரில் இக்கிராமத்தில், எவரும் வசிக்கவில்லை. தொடர்ச்சி மறுபக்கம்.' பெயரின் சரியான வடிவத்தையும், கால் விடுபட்ட விபரத்தையும், மாமியின் வயதையும் வறுமையையும் மறுபக்கத்தில் அழகாக எழுதினேன்.

மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தர் முன்பக்கத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிச்சயமாத் தெரியுமோ தம்பி?"

"ஓம். ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்லை."

"சரி. உங்கட பேர் வெளியில போகாது. பயப்பிடாதேங்கோ."

"போனால் போகட்டும் அக்கா. நான் ஏன் ஒளிப்பான்?"

அவர் படிவத்தின் முன்பக்கத்தைக் கணினிக்குள் ஏற்றினார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் ஊரில் எல்லோருக்கும் காசு வந்தது. மாமி பஸ் ஏறி வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பினார். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். வரும் வழியில் தலைசுற்றி, கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. அந்தக் கிழமை விதானையார் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, உங்களுக்கு ஆரோ பெட்டிசம் போட்டிருக்கினம். அதுதான் நிப்பாட்டி வச்சிருக்கு. விசாரணைக்கு வருவினம்."

எங்கள் ஊரில் களவெடுத்தவனைக்கூட மன்னிப்பார்கள். இன்னொருவருக்கு எதிராகக் கந்தோருக்கு எழுதிப் பெட்டிசம் போட்டவனை மன்னிக்கமாட்டார்கள். மாமிக்கு உடனே பக்கத்து வீட்டு செலஸ்ரின் அக்காவில் சந்தேகம் வந்தது. செலஸ்ரினின் கோழிகள் மாமியின் மிளகாய்க் கன்றுகளைக் கிளறுவது பற்றிப் பழைய வழக்கு ஒன்று இருந்தது. மாமி அவரோடு பேசுவதை நிறுத்தினார். மாமிக்காக நானும் நிறுத்தினேன். அதோடு நிற்காமல் விசாரணை உத்தியோகத்தருக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்றும் எழுதினேன். 'ஒரு முதிய பெண்ணின் வாயிலிருந்து மருந்தைப் பறித்த, பெயர் சொல்லத் துணிவற்ற அந்த மனிதர்' என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

விசாரணை மாதர் சங்கக் கட்டடத்தில் நடந்தது. மாமி திருநாளுக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையை உடுத்து முன்கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். யாரும் கூப்பிடாமலே செலஸ்ரின் அக்கா வந்து கடைசிக் கதிரையில் இருந்தார். மாமி திரும்பிப் பார்க்கவில்லை.

உத்தியோகத்தர் என் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு கோப்பைத் திறந்து ஆட்சேபனையை வாசித்தார்: "மேற்படி பெயரில் இக்கிராமத்தில், எவரும் வசிக்கவில்லை."

அவர் 'கிராமத்தில்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தினார். தேவையில்லாத அந்தக் காற்புள்ளியை அந்தத் தீவில் ஒரே ஒருவன்தான் போடுவான். என் காது சூடானது.

"அம்மா, இந்தப் பேரில ஆளே இல்லையெண்டு எழுதியிருக்கு."

"நான் இஞ்ச இருக்கிறன்தானே ஐயா," என்றார் மாமி.

பின்னாலிருந்து செலஸ்ரின் அக்கா எழுந்தார். "இவ இருக்கிறா ஐயா. விடிய ஆறு மணிக்கு என்ர கோழியளை ஏசுறது இவதான். குளிசையைப் பாதியாப் பிளந்து குடிக்கிறதையும் நான் கண்டனான். இல்லாத ஆளுக்கு என்னத்துக்குக் குளிசை?"

உத்தியோகத்தர் ஆட்சேபனையையும் என் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்ட ஆளின்ர பேரை நான் சொல்லக்கூடாது," என்றார். "ஆனால் ரெண்டும் ஒரே கையெழுத்து."

மூலப் படிவத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். திருப்பினார். மறுபக்கத்தை முழுவதும் வாசித்தார். மாமியின் வறுமையைப் பற்றி நான் எழுதியிருந்த பந்தி நன்றாகவே இருந்தது.

"நீயோ தம்பி?" என்று மாமி கேட்டார். எழுந்து, கதிரைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், செலஸ்ரின் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

இரண்டு வழி இருப்பதாக உத்தியோகத்தர் சொன்னார். பெயரைத் திருத்துவதென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியாது. பிழையான பெயரையே வைத்துக்கொண்டு, இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, அந்தப் பெயரில் புதுக் கணக்குத் திறந்தால் வாற மாதமே காசு வரும்.

"கால் வேண்டாம்," என்றார் மாமி.

வங்கிக் கணக்குக்குப் பிலேமினா என்றே கையெழுத்து வைக்கவேண்டும். பழக்கிவிடும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் மாமி எழுதினார். ஐம்பத்தைந்து வருடப் பழக்கம். கை தானாகக் காலைப் போட்டது. நான் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு காலையும் வெட்டினேன். சரியான எழுத்தைப் பிழையென்று வெட்டியது என் தொழிலில் அந்த ஒரு பின்னேரம்தான். பதினேழாவது தடவை மாமி காலில்லாமல் எழுதினார்.

"இப்ப சரியோ?"

"சரி மாமி."

"உனக்கு இனி நித்திரை வரும்."

நான்கு மாதம் பிந்தி முதல் காசு வந்தது. அன்றைக்கு மாமி முழுக் குளிசை போட்டார். செலஸ்ரின் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர், "அதை எழுத்தில தா, மறுபக்கத்தையும் வாசிச்சுப் பாக்கிறன்," என்றார்.

வருடங்கள் போய்விட்டன. வீட்டில் என் பெயர் இப்போதும் பெட்டிசம்தான். நான் படலையைத் திறந்தால் "பெட்டிசம் வாறார்" என்று குரல் வரும். போன வருடம் தங்கச்சி தன் கலியாண அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன் என்னிடம் நீட்டி, "மாப்பிள்ளைக்கு ரெண்டு காலும் இருக்கோ எண்டு மட்டும் பார்," என்றாள். செலஸ்ரின் அக்காவின் கோழிகள் இன்னும் மிளகாய்க் கன்றைக் கிளறுகின்றன. மாமி இன்னும் ஏசுகிறார்.

போன மாதம் குளிசையின் விலை மறுபடி ஏறியது. மாமி கத்தியை எடுத்திருக்கிறார்.