ஆயத்தக்கா இட்லிக்கு மாவாட்டிய நாள்

உலகம் முடிகிற நாளுக்கு முழுத் தயாராக இருந்த ஒரே ஆள், தூத்துக்குடியில் எங்கள் பெண்கள் விடுதியின் சமையல்கார அக்காதான். மற்றவர்கள் அன்றைக்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். அவர் தலை சீவி, வெளுத்த சேலை கட்டி வாசலில் நிற்பார். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் "ஆயத்தமா இருக்கணும் பிள்ள" என்பதால் ஆயத்தக்கா.

அக்காவுக்குக் கொள்கை இரண்டு. ஒன்று, காக்கை விதைப்பதில்லை, களஞ்சியம் கட்டுவதில்லை, ஆண்டவர் அதற்கும் சாப்பாடு கொடுக்கிறார்; ஆகவே நாளைக்கென்று எதையும் எடுத்து வைக்கக் கூடாது. இரண்டு, ஆண்டவர் எந்த நேரமும் திரும்பி வரலாம். ஆகவே நாளை என்று ஒன்று வரும் என்றே நம்பக் கூடாது. நான் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கிற பொறியாளர், ஜனவரியிலேயே டிசம்பர் வரை அட்டவணை போடுகிறவள். அப்பாவுக்குக் கயத்தாற்றில் மளிகைக் கடை. எங்கள் வீட்டில் நாளை என்பது மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும்.

விடுதியிலோ அரிசி அன்றன்றைக்கு வரும், மீனும் அப்படித்தான். ஃபிரிட்ஜில் எங்கள் தண்ணீர் பாட்டில்களும் முகப்பூச்சுகளும் குடியிருந்தன. அக்கா டிவி சீரியல் பார்க்க மாட்டார். "கதை முடியுமுன்ன நாம போயிட்டா மனசு கெடந்து அடிக்கும்லா" என்பார்.

துறைமுகத்தில் பெரிய கப்பல் ஊதினால் அக்காவுக்கு அது, ஆண்டவர் வரும்போது ஊதும் என்று வேதத்தில் சொல்லியிருக்கும் கடைசி எக்காளம். அடுப்பை அணைத்து, சேலையை இழுத்துச் சரிசெய்து, மொட்டை மாடிக்கு ஏறி வானத்தைப் பார்ப்பார். பிறகு மெதுவாக இறங்கி வந்து, "கப்பல்தான்" என்று அறிவிப்பார். அதற்குள் பொரியல் பாதியில் ஆறிப் போயிருக்கும்.

"உலகமே முடியப் போகுதுன்னா அடுப்ப எதுக்குக்கா அணைக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாரவரு என்னைய ஊதாரின்னு நெனைக்கப்பிடாதுல்லா."

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். இட்லி இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கு ஊறப்போட்டு ஆட்டி வைத்தால்தான் நாளைக்கு இட்லி. "நாளைக்கு இருப்பேன்னு இன்னைக்கே மாவாட்டி வைக்கது திமிருல்லா?" என்பது அக்காவின் தீர்ப்பு. எனவே உப்புமா, புட்டு, மறுபடியும் உப்புமா. கிரைண்டர் வெங்காயக் கூடையாக வாழ்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அறைத்தோழி செல்விக்கு டைபாய்டு வந்தது. தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் கிராமத்துப் பெண், ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கஞ்சி குடித்துக் குடித்து, கஞ்சியைக் கண்டாலே குமட்டியது. இட்லி கொடுங்கள், வீட்டு மாவாக இருக்கட்டும், கடை மாவு வேண்டாம் என்றார் டாக்டர். நாளையும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், வீட்டு ஆட்கள் வர வேண்டும் என்றும் சொன்னார்.

"எக்கா, வீட்டுக்கு மட்டும் சொல்லிராதிய" என்றாள் செல்வி என்னிடம். "ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ. பொறவு வேலை கிடையாது, கல்யாணந்தான்."

நான் சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நானே ஊறப் போடுதேன்க்கா. நீங்க அந்தப் பக்கமே பாக்க வேண்டாம்."

"நீ போட்டாலும் என் அடுக்களைலதானளா ஊறும்? அவரு வந்து பாத்தா, இவ என்னைய நம்பாம சேத்து வச்சிருக்கான்னு சொல்ல மாட்டாரா?"

"அவரு நாளைக்கு வரலைன்னா?"

"அப்டிச் சொல்லாத பிள்ள."

அக்காவே ஒரு டம்ளர் கஞ்சியோடு மேலே வந்தார். செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டம்ளரைப் பிடித்தபடி அக்கா கொஞ்ச நேரம் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மத்தியான வெயிலில் வேதக்கோயிலுக்குப் போனார். என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வரும்போது கையில் இட்லி அரிசியும் உளுந்தும் இருந்தன.

சாயங்காலம் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டு விடுதியே சமையலறை வாசலில் கூடிவிட்டது. வெங்காயம் தரையில் கிடந்தது. அக்கா முழங்கை வரை மாவோடு, யாரையும் பார்க்காமல் வழித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கப்பல் ஊதியது. வழக்கத்தைவிட நீளமாக.

அக்காவின் கை நின்றது. தலை மாடிப்படிப் பக்கம் திரும்பியது.

"எக்கா, போகலையா?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"கை மாவா இருக்குல்லா" என்றார் அக்கா. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மறுபடி வழித்தார். "வந்தா இங்கன உக்காரட்டும். காலம்பற இந்தப் பிள்ள சாப்பிட்ட பொறவுதான் நா வருவேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

மறுநாள் விடிந்தது. அக்கா பானையைத் திறந்து, பொங்கியிருந்த மாவைச் சந்தேகத்தோடு பார்த்தார். செல்வி இரண்டு இட்லியைச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டாள். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். மிச்ச மாவையெல்லாம் அன்றைக்கே அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார்.

செல்வி எழுந்து வேலைக்குப் போன நாளில் உப்புமா திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

இப்போது எனக்குச் சாகுபுரத்தில் வேலை. நான் அக்காவின் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. என்றாலும் அந்தக் கோயில் வழியே பஸ்ஸில் போகும்போது அவருடைய ஆண்டவரிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்: கட்டாயம் வாருங்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக வாருங்கள். அக்கா எங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும்.