ஹம்ஃப்ரி டக்கெட்டின் கட்டைவிரல்

இந்த வருடம் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன பாத் நகரத்துக்குப் போனால் சீட்டைத் தவிர வேறு எதையும் ஆடுவதில்லை என்று ஹம்ஃப்ரி டக்கெட் சபதம் எடுத்துக்கொண்டார். போன வருடம் அவர் மனைவி டார்கஸ் அவரை நடன மண்டபத்தில் போட்டுப் பந்தாடியிருந்தாள். வில்ட்ஷயரில் சீஸ் விற்று, சீஸ் தின்று வளர்ந்த தேகம் அது. உருளத் தெரியும், ஆடத் தெரியாது. பக்கத்து அறையில் நண்பர்கள் சொகுசாகச் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்க, இவர் யார் யாருடைய பாவாடையையோ மிதித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"ஐயோ, என்னங்க ஆச்சு?"

"கீல்வாதம்டி! உயிர் போகுது!"

"அடப் பாவமே! அப்ப இந்த வருஷம் உங்களால ஆட முடியாதே?"

"என்ன செய்யறது? ஒரு ஓரமா உட்கார்ந்து நாலு ஆட்டம் சீட்டுப் போட்டு மனசைத் தேத்திக்க வேண்டியதுதான்."

டார்கஸ் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "நீங்க கவலையே படாதீங்க. எல்லாத்தையும் நான் கவனிச்சுக்கறேன்" என்றாள். மனைவி இப்படிச் சொன்னால்தான் கணவன் கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும். ஹம்ஃப்ரிக்கு அது தெரியவில்லை.

குதிரை வண்டியிலிருந்து பாத்தில் இறங்கியதுமே கவனிப்பு தொடங்கியது. டாக்டர் பிளிம்ப்டன் வந்தார். ஒயின் கூடாது, மாட்டிறைச்சி கூடாது, பார்லிக் கஞ்சி மட்டும் என்றார். விடிந்ததும் ஹம்ஃப்ரிக்கு முரட்டுத் துணியில் ஓர் அங்கியை மாட்டி, கழுத்தளவு வெந்நீர்க் குளத்தில் இறக்கினார்கள். வெந்தது போதும் என்று தோன்றியதும் மேலே எடுத்து, அதே ஊற்றுத் தண்ணீரைச் சுடச்சுட மூன்று டம்ளர் குடிக்கச் சொன்னார்கள். ஆணியை வேகவைத்து வடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். எல்லாம் சாயங்காலச் சீட்டுக்காக.

சாயங்காலம் ஜெம் என்ற ஆள் அவரை மூன்று சக்கர நாற்காலியில் வைத்து நடன மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஜெம், நேரா சீட்டு அறைக்கு விடு."

"சீட்டா!" டார்கஸ் பதறிப்போனாள். "சீட்டு ஆடினா ரத்தம் கொதிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரே! நடனத்தைப் பாருங்க, குளிர்ச்சி. ஜெம், அந்தத் தூண் பக்கமா நிறுத்து."

"அம்மா சொன்னா சரிதாங்க" என்று நிறுத்திய ஜெம், சக்கரத்துக்கு ஒரு கட்டையும் முட்டுக் கொடுத்தான்.

அப்புறம் டார்கஸ் ஆடினாள். ஒரு கேப்டனோடு ஆடினாள். கேப்டன் களைத்ததும் ஒரு பாதிரியாரோடு ஆடினாள். கால் முடியாத கணவனைக் கட்டிக்கொண்டு கஷ்டப்படும் உத்தமிக்குத் துணையாக ஆட, ஊரே போட்டி போட்டது. பக்கத்து அறையிலிருந்து நண்பர் பென்னக் கூவினார்: "நாலாவது கை ஒண்ணு குறையுதே! யாராவது இருக்கீங்களா?" ஹம்ஃப்ரிக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளும் அதே கஞ்சி, அதே தூண், அதே கூவல்.

வாரக் கடைசியில் மனிதர் உடைந்துபோனார். காலையில் குளத்தில் ஊறிக்கொண்டிருந்தவர் திடீரென்று துள்ளினார்.

"குணமாயிடுச்சு! வலி போயே போயிடுச்சு!"

ஈர அங்கியோடு படியேறி ஓடி, கரையில் ஒரு காலால் நொண்டியடித்துக் காட்டினார். சந்தேகம் வேண்டாம் என்று மற்றக் காலாலும் நொண்டியடித்தார். குளத்திலிருந்த வாதக்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டர் பிளிம்ப்டன் அந்தக் காலைத் தடவிப் பார்த்து, "என் வைத்தியம்!" என்று தழுதழுத்தார். டார்கஸ் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். ஆனந்தக் கண்ணீர் என்று ஹம்ஃப்ரி நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை சொந்தக் காலில் நடந்துபோய்ச் சீட்டு அறைக் கதவைத் தள்ளினார்.

பென்னக்கின் மேஜையில் நாலாவது கை குறையவில்லை. அங்கே டார்கஸ் இருந்தாள். அதே மூன்று சக்கர நாற்காலி, காலில் பெரிய கட்டு, கை நிறையச் சீட்டு.

"என்னடி இது?"

"கீல்வாதங்க. மத்தியானம் வந்துடுச்சு. ஒரு வாரமா ஆடினேன் இல்ல? தாங்க முடியல" என்றபடியே துருப்பைப் போட்டு வெட்டினாள்.

"சீட்டு ஆடினா ரத்தம் கொதிக்குமே!"

"அது உங்களுக்கு. எனக்குக் குளிர்ந்த உடம்பாம். கொஞ்சம் கொதிச்சாத்தான் நல்லதாம். டாக்டரே சொல்லிட்டார்."

"பொய்! உனக்கு ஒரு வலியும் இல்ல! எல்லாம் நடிப்பு!"

மேஜையே அவரைத் திரும்பிப் பார்த்தது. டார்கஸ் கண்களை அகல விரித்தாள்.

"இந்த வியாதியில நடிக்கக்கூட முடியுமாங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹம்ஃப்ரி மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். அதற்குள் டாக்டர் பிளிம்ப்டன் பின்னாலிருந்து வந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"இங்கயா இருக்கீங்க! குணமான காலை ஊர் பார்க்க வேண்டாமா? என்கிட்ட வைத்தியம் பார்க்கற சீமாட்டிகள் எல்லாரும் அந்தக் காலோட ஒரு சுற்று ஆடணும்னு வரிசையில நிக்கறாங்க. ஒருத்தரையும் விட்டுடாதீங்க!"

"போங்க, போங்க" என்றாள் டார்கஸ், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஆனா ரொம்பக் களைச்சுடாதீங்க. ஜெம்மை வீட்டுக்கு அனுப்பிட்டேன், மேடு ஏறி என்னை நீங்கதான் தள்ளிக்கிட்டுப் போகணும்."