கேஸ் அக்காவுக்கு நாயகி வேஷம்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே, 'சிலிண்டர் இல்லை' என்று சொல்லிக் கைதட்டு வாங்கிய ஒரே மனுஷி கேஸ் அக்காதான்.

தொண்ணூறுகளில் அவள் ஒரு கேஸ் ஏஜென்சியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். அப்போதெல்லாம் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு, குலதெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டால்தான் வரும். ஆட்கள் சண்டைக்கென்றே தயாராக வருவார்கள். கேஸ் அக்கா வாயே திறக்க மாட்டாள். நெற்றிக்கு மேல் கையை வைத்து, தூரத்தில் லாரி வருகிறதா என்று பார்ப்பாள். கண் விரியும். வராத லாரிக்காகத் தோள் தொங்கும். கடைசியில் ஒரு விரல் கண்ணிலிருந்து கன்னத்துக்கு மெதுவாக இறங்கும். அவ்வளவுதான்.

"சரி வுடும்மா, நீ அழுவாத. நான் மண்ணெண்ண ஸ்டவ்வுல பாத்துக்கிறேன்" என்று கத்த வந்தவரே சமாதானம் சொல்லிவிட்டுப் போவார். பின்னால் நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

அவள் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். என்னோடுதான். அங்கேதான் ஆரம்பித்தது என் வயிற்றெரிச்சல்.

நான் ரவிக்கை தைக்கிறவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். டான்ஸ் டீச்சரிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு விசிறி மடிப்பு வைத்து உடுப்பு தைத்துக் கொடுப்பேன். டீச்சருக்கு என்னைவிட வயசு குறைவு, கல்யாணம் ஆகாதவள். பெரியவர்களுக்கென்று ஒரு பேட்ச் ஆரம்பித்தபோது, "நீங்களும் வாங்கக்கா" என்றாள். எதிலாவது ஒன்றில் பாஸ் ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. சேர்ந்துவிட்டேன்.

வகுப்பு செங்கல்பட்டில் ஒரு டிபன் கடைக்கு மேல்மாடியில். நாங்கள் காலைத் தட்டித் தட்டடவு போட்டால் கீழே கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"யம்மா! சாம்பார்ல சுண்ணாம்பு வுழுது! மெதுவா குதிங்க!"

எனக்கு அதுவே பெரிய கவலை. மாடி இடிந்து அவர்மேல் விழுந்துவிட்டால்? சலங்கைக் கயிறு அவிழ்ந்து யாராவது வழுக்கினால்? வீட்டில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா? இத்தனைக்கும் நடுவில் ஒரு அடவுகூட நான் தப்பு விட்டதில்லை. தோசைக்கல் சூடாகிற நேரத்தில்கூட அரைமண்டியில் உட்கார்ந்து பழகினேன். முத்திரைகளின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

கேஸ் அக்கா? தோளில் ரப்பர் டியூப் நாலு தொங்க, லேட்டாக வருவாள். நாங்கள் வலது பக்கம் போனால் அவள் இடது பக்கம் போவாள். அதுவும் எவ்வளவு சந்தோஷமாக என்றால், ஒருவேளை நாங்கள்தான் தப்போ என்று டீச்சருக்கே சந்தேகம் வந்துவிடும்.

"டீச்சர், அந்த கத்திரிக்கோல் முத்திரை எப்போ வரும்?"

"கர்த்தரீமுகம்" என்று நான் முந்திக்கொண்டு சொல்வேன். டீச்சர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

என்னிடம் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். "அக்கா, கால் சூப்பர். ஆனா முகம்... கண்ணன் வெண்ணெய் திருடுறான். நீங்க ரசிக்கணும். போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போற மாதிரி நிக்கிறீங்க."

கேஸ் அக்காவின் வீடு திருக்கழுக்குன்றத்தில். மாமல்லபுரம் பஸ்ஸில்தான் போவாள். ஒருநாள் உடுப்பு கொடுக்க நானும் அதே பஸ்ஸில் போனேன். கம்பியைப் பிடிக்காமல், இரண்டு சீட்டுக்கு நடுவில் அரைமண்டி போட்டுக்கொண்டே வந்தாள். கண்டக்டர் "புடிச்சுக்கம்மா, புடிச்சுக்கம்மா" என்று கெஞ்சினார். பிரேக் போட்டதும், நேராக ஒரு கத்தரிக்காய்க் கூடையில் போய் விழுந்தாள். எழுந்தவள் சும்மா இருந்தாளா? ஆடி முடித்ததும் மிதித்த பூமியிடம் மன்னிப்புக் கேட்டுத் தொட்டுக் கும்பிட வேண்டும் இல்லையா, அந்த நமஸ்காரத்தை முறைப்படி செய்தாள்.

சாமி வந்துவிட்டது என்று நினைத்து மூன்று பேர் எழுந்து இடம் விட்டார்கள். கத்தரிக்காய்க்காரம்மா கையைக் கூப்பி, "ஆத்தா, என் மருமவ எப்போ திருந்துவா?" என்று கேட்டாள்.

"டைம் ஆவும்" என்றாள் கேஸ் அக்கா, ஜன்னலோரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டு.

நான் விழுந்திருந்தால், "பாத்து நிக்கக் கூடாதா?" என்று திட்டியிருப்பார்கள். எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்தப் பாட்டு வந்தது, பதம் என்பார்கள். மாமல்லபுரத்தில் ஒரு கோயில் விழாவில் எங்கள் பேட்ச்சுக்கு மேடை கிடைத்தது. ராத்திரி எங்கேயோ தங்கிவிட்டு விடிந்து வீடு வருகிற நாயகனை, நாயகி நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற பாட்டு. நாயகி ஒருத்திதான். மற்றவர்கள் தோழிகள்.

டீச்சர் எங்களிடமே யோசனை கேட்டாள். "புருஷன் பொய் சொல்றான்னு தெரிஞ்சா எப்படிக் கோவப்படுவீங்க?"

"மொதல்ல சோறு போட்ருவோம் டீச்சர்" என்றாள் கேஸ் அக்கா. "துன்னுட்டு தெம்பா இருந்தாத்தான் திட்டு தாங்குவான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அந்த நேரத்தில் பாட்டு முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நாயகி எனக்குத்தான் என்று நினைத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? நான் எதிலும் நடுவில் நின்றதில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, கல்யாண போட்டோவிலேயே பாதி முகம் மாமனாரின் துண்டுக்குப் பின்னால். ஒரே ஒரு தடவை, ஒரு மேடையின் நடுவில் நின்றுவிட்டால் போதும்.

டீச்சர் நாயகியைக் கேஸ் அக்காவுக்குக் கொடுத்தாள்.

எனக்குத் தோழி வேஷம். பூத்தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது, நாயகி வருந்தினால் கூடவே வருந்துவது. இது போதாது என்று அவளுக்கு உடுப்பு தைக்கிற வேலையும் என் தலையில். கையில் கத்தரிக்கோல் இருந்தபோது நான் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். ஆனால் மேடையில் கிழிந்தால் பழி எனக்குத்தானே என்ற பயத்தில் எல்லா இடத்திலும் இரட்டைத் தையல் போட்டேன்.

அளவு பார்க்கும்போது கேட்டாள், "இன்னாடி, இடுப்பை இந்த இறுக்கு இறுக்குற? கோவமா?"

"கோவம் இன்னா கோவம். அளவு அவ்ளோதான்."

"எனக்கு அடவு வரிசையே மனசுல நிக்க மாட்டேங்குதுடி. பக்கத்துலதானே கீற, மறந்தா கண்ணால சொல்லு."

வேஷம் அவளுக்கு, ஞாபகம் என்னுடையதாம்!

விழா அன்று கடற்காற்று மேடைத் திரையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கல்பாக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கேஸ் அக்கா வாசலைப் பார்த்து நின்ற நிற்பிலேயே கூட்டம் அடங்கிவிட்டது. வராத லாரியைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண் அல்லவா. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் பூத்தட்டோடு நின்று எரிந்துகொண்டிருந்தேன்.

பாதியில் அவளுக்கு மறந்துபோனது. எனக்கு மட்டும் தெரிந்தது. பாடகி அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். கேஸ் அக்காவின் கண் என்னைத் தேடி வந்தது.

நான் கண்ணால் சொல்லத்தான் பார்த்தேன். ஆனால் கண்ணில் அப்போது வேறு என்னென்னவோ இருந்தது. அத்தனை மாத எரிச்சலும் அங்கேதான் இருந்தது. அவள் ஒரு நொடி அதையே பார்த்தாள்.

பிறகு அவள் நடை மாறியது. தோளில் இல்லாத துண்டைச் சரிசெய்துகொண்டாள். இல்லாத மீசையைத் தடவினாள். பூனை மாதிரிப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்று, மாட்டிக்கொண்ட புருஷன் மாதிரி பல்லைக் காட்டினாள்.

நாட்டியத்தில் ஒருத்தியே நாயகியாகவும் நாயகனாகவும் மாறுவது வழக்கம்தான். கூட்டம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. ஆனால் அவள் நாயகன் என்றால் கோபப்பட வேண்டியவள் யார்? கீழே தாளம் தட்டிக்கொண்டிருந்த டீச்சரின் வாய் திறந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

நான் தட்டைக் கீழே வைத்தேன். அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தேன். கழுத்தில் என்ன தழும்பு என்று கையால் கேட்டேன். யார் வீட்டுச் சந்தனம் என்று கேட்டேன். நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் கெஞ்சினாள், முதுகைக் காட்டினேன். காலில் விழ வந்தாள், வாசலைக் காட்டினேன்.

"வுடாதம்மா! வூட்டுக்குள்ள சேக்காத!" என்று முன்வரிசை அம்மா கத்தினாள்.

கேஸ் அக்கா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடையை விட்டே போய்விட்டாள். நடுவில் நான் மட்டும் நின்றேன். கைதட்டல் கடல் சத்தத்தை அமுக்கிவிட்டது.

மேடைக்குப் பின்னால் டீச்சர் ஓடி வந்தாள். "அக்கா, இத்தனை நாளா இந்த முகத்தை எங்க வெச்சிருந்தீங்க?"

நான் கேஸ் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "வேணும்னுதானே பண்ணே?"

"அட போடி, மறந்துபூட்ச்சு. உன்னப் பாத்தேன். பொண்டாட்டி மாதிரியே மொறச்சுகினு கீற. அப்போ நான் யாரு? புருஷன்தானே!"

அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒருநாள் "மறந்துட்டேன்" என்பாள். ஒருநாள் "உனக்கோசரம்தான்டி" என்பாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அந்த முகத்தை நம்பித்தானே பாதி ஊர் சிலிண்டர் இல்லாமல் சந்தோஷமாகத் திரும்பிப் போனது.

பிறகு அவள் மகளோடு ஊரப்பாக்கத்துக்குக் குடிபோனாள். அங்கேயும் ஒரு டான்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் ரயிலேறிப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லோரும் வலது பக்கம் போக, கேஸ் அக்கா சந்தோஷமாக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அவளுக்குக் கண்ணால் வரிசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் நின்ற இடம் என்னுடையது.