ஆத்துல தண்ணி வருதுன்னு நான் அனுப்புன போட்டோ

சனிக்கெழமை காலைல வாழையிலை எடுத்துட்டு வர சித்தையன்கோட்டைக்குக் கெளம்புனேன். அம்புட்டுதான் வேலை.

மறுநாள் எங்க பொண்ணுக்குக் காதுகுத்து. திண்டுக்கல்லுல எங்க வீட்டு மாடியிலயே பந்தல். பக்கத்து வீட்டு ரஹீம் பாய்தான் பிரியாணி மாஸ்டர். ஆடு ரெடி, அரிசி ரெடி, காது குத்த ஆசாரி ரெடி. தண்ணிதான் இல்ல.

இந்தக் கோடைல டேம் வத்திப்போச்சு. தெருக் குழாயில எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வால்வு திறக்கிற அண்ணன்கிட்ட கேட்டதுக்கு, "டேமுக்கு வர்ற ஆத்துல தண்ணி ஓடட்டும், மறுநாளே தெறந்து விட்டுர்றேன்"னு சொல்லிட்டு சைக்கிள மிதிச்சுப் போயிட்டாரு.

வீட்டுல ரெண்டு டிரம்முல பழைய தண்ணி புடிச்சு வச்சிருந்தோம். பாய் வந்து எட்டிப் பாத்தாரு.

"தம்பி, சமையலுக்கு இது சரியா இருக்கும். சாப்ட்டவங்க கை கழுவணும்ல?"

"தொடச்சுக்குவாங்க பாய்."

"பிரியாணி சாப்ட்ட கையவா?"

என் வீட்டுக்காரி செல்வி உடனே ஒரு யோசனை சொன்னா. "சித்தையன்கோட்டை வரைக்கும் போறீகள்ல, அப்படியே அந்த ஆத்தையும் எட்டிப் பாத்துட்டு வந்துருங்க. மலைல மழைன்னு பேசிக்கிறாக."

சரின்னு பேசாமப் போயிருக்கலாம். நான் தெரு வாட்ஸப் குரூப்புல, "மக்களே, ஆத்து நிலவரம் பாக்க நேர்ல போறேன்"னு போட்டேன். ஏதோ என்னைய கலெக்டரே அனுப்புன மாதிரி!

எதுத்த வீட்டு பொன்னுத்தாயி அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்புச்சு. "தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. ஒன்னைய நம்பித்தான் இருக்கோம்."

நெஞ்சு விம்மிருச்சு எனக்கு.

சித்தையன்கோட்டையில என் சகலை தோட்டம் இருக்கு. இலைக்கட்டு தயாரா வச்சிருந்தாரு. வண்டி பின்னாடி வச்சுக் கட்டிட்டு, ஆத்தப் பாக்கப் போறேன்னு சொன்னேன்.

"செத்த இருங்க சகலை, நானும் வாரேன்"னாரு.

"ஆத்தப் பாக்க ஆள் தொணை எதுக்கு சகலை?"ன்னு வண்டிய முறுக்கிட்டேன்.

போனா, ஆறு பூராம் மணலு. வெயிலு மண்டையப் பொளக்குது. அப்படியே கரையோரமா கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு திருப்பத்துல பாத்தா, தண்ணி! கலங்கலா, நொரை தள்ளிக்கிட்டு, மணல அரிச்சுக்கிட்டு வருது!

புதுத்தண்ணி கலங்கலாத்தான வரும்? நமக்குத் தெரியாதா!

பேண்ட மடிச்சு விட்டுட்டு எறங்கிட்டேன். நின்னா கணுக்கால்தான் நனையுது. போட்டோவுக்கு எடுபடல. அதனால அப்படியே உக்காந்துக்கிட்டேன். இப்ப இடுப்பு வரைக்கும் தண்ணி. ஒரு குச்சிய ஊனி, அதுக்குப் பக்கத்துல மூஞ்சிய வச்சு செல்ஃபி எடுத்தேன்.

கரையில லுங்கி கட்டுன ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு.

"என்னண்ணே, வேண்டுதலா?"

"ஆத்துல தண்ணி எவ்வளவு வருதுன்னு அளக்குறேன்."

அவரு என்னையப் பாத்தாரு, குச்சியப் பாத்தாரு. "அளங்க அளங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. தண்ணி வந்த சந்தோஷத்துல சிரிக்கிறாரு பாவம்னு நெனச்சுக்கிட்டேன்.

குரூப்புல போட்டோவப் போட்டேன். "வந்துருச்சு! ஆறு இடுப்பளவு ஓடுது! நாளைக்கு நம்ம தெருவுக்குத் தண்ணி! நான் கேரண்டி!"

திரும்பி வந்து தெருவுக்குள்ள நொழஞ்சா, வண்டி வழுக்குது. தெரு பூராம் ஈரம். சாக்கடையில வெள்ளம்!

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. புதுத்தண்ணி வருதுன்னா எங்க தெருவுல யாரும் பழைய தண்ணி மேல புதுசப் புடிக்க மாட்டாங்க. இருக்குறதக் கொட்டி, தேங்கா நாரப் போட்டுத் தேச்சு, டிரம்மையெல்லாம் கவுத்து வச்சிருவாங்க. வீட்டுக்கு வீடு அதுதான் நடந்துக்கிட்டிருக்கு. பொன்னுத்தாயி அக்கா மெத்தை உறையக்கூட அலசிக் காயப் போட்டிருச்சு.

"நம்ம டிரம்மு?"ன்னு செல்விகிட்ட கேட்டேன்.

"ரெண்டையும் கழுவிக் கவுத்துட்டேன்ல! புள்ளைக்குக் காதுகுத்து, பழைய தண்ணியிலயா சமைப்பாக?"

அந்த நேரம் பாத்து சகலை போன் பண்ணாரு.

"சகலை, போட்டோ பாத்தேன். அது ஆத்துத் தண்ணி இல்ல. பக்கத்துத் தோட்டத்துல கெணறு தூர் வாருறாக. சேத்துத் தண்ணிய மோட்டாரப் போட்டு ஆத்துல எறச்சு விடுறாக. அதுக்குத்தான் நான் வாரேன்னேன்."

"இடுப்பளவு இருந்துச்சே சகலை!"

"நீங்க உக்காந்துல்ல இருந்தீக!"

தண்ணி லாரிக்காரருக்குப் போன் போட்டேன். "திங்கக்கெழமை வாரேன் சார்"னாரு. திங்கக்கெழமை தண்ணி வந்து நான் யாருக்குக் காது குத்த?

வேற வழியில்லாம குரூப்புல உண்மையச் சொன்னேன். மொத ஆளா பொன்னுத்தாயி அக்காதான் பேசுச்சு. "போனதுதான் போன, அந்தக் கெணத்துத் தண்ணியவாவது ஒரு கொடம் கொண்டாந்திருக்கலாம்ல தம்பி?"

ரஹீம் பாய் வீட்டுக்கே வந்துட்டாரு. "தம்பி, தண்ணி இல்லாம நான் என்ன, அரிசிய வறுத்தா குடுக்குறது?"

எனக்கு அழுகையே வந்துருச்சு. சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் வாராங்க. தெருவுக்கே வேற குடிக்கத் தண்ணி இல்லாமப் பண்ணிட்டேன். ஒரு செல்ஃபியால!

ஞாயித்துக்கெழமை விடிஞ்சும் விடியாம, குழாயில புஸ்ஸுன்னு காத்து. அப்புறம் ரெண்டு இருமல். அப்புறம்... தண்ணி!

ஓடிப்போய் டிரம்ம நிமித்தி வச்சுட்டு குரூப்புல போட்டேன். "தண்ணி வருது! ஓடியாங்க!"

பொன்னுத்தாயி அக்கா பதில் போட்டுச்சு: "இன்னிக்கு யாரு வீட்டுக் கெணறு?"

தெருவுல எறங்கிக் கதவக் கதவத் தட்டுனேன். ஒருத்தரும் தொறக்கல. ரஹீம் பாய் மட்டும் ஜன்னல் வழியா, "போய்ப் படுங்க தம்பி, வருத்தத்துல ஒங்களுக்கு என்னென்னமோ தெரியுது"ன்னாரு.

அந்நேரம் வால்வு அண்ணன் சைக்கிள்ல வந்தாரு.

"என்னப்பா, ஒருத்தரையும் காணோம்? அரை மணி நேரந்தான் விடுவேன்!"

"ஆத்துல தண்ணி வந்துருச்சாண்ணே?"

"ஆறாவது ஒண்ணாவது! பக்கத்து ஏரியாவுல பைப்பு ஒடைஞ்சு போச்சு. அதான் இங்கிட்டுத் திருப்பி விட்டிருக்கேன்."

அரை மணி நேரம்! இப்ப யாரும் புடிக்கலைன்னா தெருவே காஞ்சு கெடக்கும். சாபம் பூராம் எனக்கு. போன எடுத்து நிதானமா டைப் அடிச்சேன்.

"மக்களே, நல்லா விசாரிச்சுட்டேன். இன்னிக்கு நம்ம தெருவுக்குக் கண்டிப்பாத் தண்ணி வராது."

படபடன்னு கதவு தொறக்குது! கொடம் உருளுது, டிரம்மு உருளுது! பொன்னுத்தாயி அக்கா தலைய முடிஞ்சுக்கிட்டே குழாய்க்கு ஓடுது. ரஹீம் பாய் அண்டாவோட நிக்குறாரு!

காதுகுத்து ஜாம்ஜாம்னு நடந்துச்சு. பிரியாணி பிரமாதம். எல்லாரும் கை கழுவுனாங்க, ரெண்டு தடவ.

இப்பவும் தெருவுக்குத் தண்ணி நிலவரம் சொல்றது நான்தான்; நான் வராதுன்னு சொன்னா மட்டும் கொடத்தத் தூக்கிட்டு வந்துர்றாங்க.